தான்சானியா ஒட்டகச்சிவிங்கியும் முலாம் பூசிய சிங்கமும்

கேள்வி: என் பெரியப்பா 1970-களில் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் கணக்கராகப் பணியாற்றியவர். அவர் காலமான பின் பெட்டியைத் திறந்தபோது, ஒன்றில் ஒட்டகச்சிவிங்கியும் மற்றொன்றில் காண்டாமிருகமும் பொறித்த இரண்டு பெரிய வெள்ளி நாணயங்களும், முயல், நெருப்புக்கோழி, மீன் பொறித்த சில்லறைக் காசுகள் ஒரு பிடியும் கிடைத்தன. ஜெர்மனியில் இருக்கும் அவருடைய மகன் அனுப்பிய சோமாலிய யானை வெள்ளி நாணயங்கள் ஆறும் அதில் இருந்தன. இவற்றைப் பார்த்து ஆசைப்பட்ட என் மகன், 24 காரட் தங்க முலாம் பூசிய ஆப்பிரிக்கச் சிங்க நாணயம் ஒன்றை இணையத்தில் 4,500 ரூபாய்க்கு வாங்கினான். விற்றவர்கள் இப்போது ஆப்பிரிக்காவின் ஐந்து பெரும் விலங்குகள் என்ற வரிசையை மாதத்துக்கு ஒன்றாக வாங்கச் சொல்கிறார்கள். சட்டப்படி செல்லும் நாணயம் என்பதால் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் என்றும் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா? பெரியப்பாவின் நாணயங்கள் கறுத்துப் போயிருக்கின்றன. திருநீறு போட்டுத் துலக்கலாமா? – வாசகி, மதுரை.

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. தயவுசெய்து துலக்காதீர்கள். திருநீறு, புளி, பல்பொடி, வெள்ளிக்கென்று கடையில் விற்கும் திரவம் எதுவுமே வேண்டாம். குத்துவிளக்குக்கும் பூசைப் பாத்திரத்துக்கும் நல்லதாக இருப்பது நாணயத்துக்குக் கெடுதலாகிறது. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். அது உலோகத்தை அரித்துத் தின்பதில்லை. சேகரிப்போர் பலர் சீராகப் படிந்த அந்த நிறத்தையே விரும்பிக் கூடுதல் விலை தருகிறார்கள். திருநீறு எவ்வளவு மென்மையாகத் தோன்றினாலும் தேய்க்கும்போது பரப்பில் நுண்ணிய கீறல்களை விட்டுச் செல்லும். உருப்பெருக்கியின் கீழ் வைத்து விளக்கொளியில் சற்றே சாய்த்தால் அந்தக் கீறல்கள் அத்தனையும் வரிவரியாகத் தெரிந்துவிடும். நான் கல்லூரியில் படித்த காலத்தில், கையில் கிடைத்த நல்ல வெள்ளி நாணயம் ஒன்றைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துப் பெருமையோடு ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இனி இதை எடைக்குத்தான் போட வேண்டும்" என்றார். அந்த நாணயத்தை இன்றும் வைத்திருக்கிறேன், எடைக்குப் போட மனம் வராமல்.

கறுப்புக்கு மாறாக, பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதேனும் ஒட்டியிருந்தால் கதை வேறு. பழைய நெகிழ்வான பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் பொருள் அது. காலப்போக்கில் உலோகத்தையே கெடுக்கும். அப்படிப்பட்ட நாணயத்தைத் தூய அசிட்டோனில் சில நிமிடங்கள் கிடத்தி எடுத்து, துடைக்காமல் தானாக உலர விடலாம். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் வேறு பொருள்களும் கலந்திருக்கும் என்பதால் அது கூடாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், ஆகவே அடுப்பங்கரையில் இதைச் செய்ய வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இனி பெட்டிக்குள் இருப்பவற்றைப் பார்ப்போம். உங்களிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்த ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும்தான். மறுபக்கத்தில் அதிபர் ஜூலியஸ் நியரேரேயின் உருவமும், ஆண்டு 1974 என்றும் இருந்தால், அவை தான்சானியாவின் 25 ஷிலிங்கி, 50 ஷிலிங்கி நாணயங்கள். உலக வனவிலங்கு நிதியமும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து 1970-களின் நடுவில் பல நாட்டு அரசுகளோடு நடத்திய இயற்கைப் பாதுகாப்பு நாணயத் திட்டத்தில், பிரிட்டனின் ராயல் மின்ட் அச்சடித்தவை. பெரும்பாலும் ஒரு நாட்டுக்கு வெள்ளியில் இரண்டும் தங்கத்தில் ஒன்றுமாக வெளியிட்டார்கள். தான்சானியாவின் தங்க நாணயம் 1,500 ஷிலிங்கி. அதில் இருப்பது சிவிங்கிப்புலி. அன்று ஜயர் என்று பெயர் பெற்றிருந்த இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு 1975-இல் மலைக் கொரில்லாவையும் ஒகாபியையும் வெள்ளியில் பொறித்தது. காட்டுயிரைக் காட்டிச் சேகரிப்பாளர்களிடம் விற்பது என்ற வழக்கத்துக்கு உலக அளவில் வலுவான அடித்தளம் இட்டது இந்தத் திட்டம்தான். அதில் விற்பனைப் பங்கு ஒன்று காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் சென்றது. பிற்காலத்தில் இதே வழியில் வந்த எல்லா வரிசைகளையும் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டு நாணயங்களும் இரண்டு தரத்தில் வெளிவந்தன. இங்கேதான் உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நகைக்கடைத் தராசு உதவும். ப்ரூஃப் எனப்படும் உயர்தர அச்சில், கண்ணாடி போன்ற பின்புலத்தில் உருவம் பனி படர்ந்தது போல வெளுத்து நிற்கும். அந்த வகை 92.5 விழுக்காடு வெள்ளியால் ஆனது. 25 ஷிலிங்கி 28.28 கிராமும், 50 ஷிலிங்கி 35 கிராமும் எடை இருக்கும். சாதாரண அச்சில் வெளிவந்தவற்றில் வெள்ளி பாதிதான். எடையும் குறைவு, முறையே 25.40 கிராமும் 31.85 கிராமும். ஆகவே உங்கள் காண்டாமிருகம் 35 கிராம் நின்றால் அதனுள் ஏறத்தாழ 32.4 கிராம் தூய வெள்ளி இருக்கிறது; 31.85 நின்றால் 16 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. பார்வைக்கு ஒரே காண்டாமிருகம், உள்ளிருக்கும் வெள்ளியோ பாதிக்குப் பாதி. எடையைப் பார்க்காமல் "வெள்ளி நாணயம்தானே" என்று விலை பேசுகிறவர் வாங்குபவராக இருந்தாலும் விற்பவராக இருந்தாலும் ஒருவர் ஏமாறுவார். நகைக்கடையில் எடை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். உரைத்துப் பார்க்கிறேன், ஓரத்தில் சிறிது வெட்டிப் பார்க்கிறேன் என்றால் இடம் கொடுக்காதீர்கள்.

சில்லறைக் காசுகளுக்குப் பணமாகப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனால் அவற்றை அலட்சியம் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். தான்சானியா 1966-இல் தனக்கென்று வெளியிட்ட முதல் நாணய வரிசை அது. 5 செந்தியில் மயில் மீன், 20 செந்தியில் நெருப்புக்கோழி, 50 செந்தியில் முயல். அவற்றை வரைந்தவர் கிறிஸ்டோபர் அயர்ன்சைட் என்ற ஆங்கிலேயச் சிற்பி. பிரிட்டன் தசம முறைக்கு மாறியபோது வந்த நாணயங்களின் பின்பக்கங்களை வடிவமைத்தவரும் அவரே. சுவாஹிலி மொழியில் முயலுக்கு சுங்குரா என்று பெயர். கிழக்காப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளில் சிங்கத்தையும் கழுதைப்புலியையும் ஏமாற்றித் தப்பிக்கும் புத்திசாலி அவன்தான். அதனால் அந்த விலங்கு காசில் ஏறியதில் அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு எந்த வியப்பும் இருந்திருக்காது. உங்கள் பெரியப்பா காய்கறி வாங்கிவிட்டு மீதியாகப் பெற்ற காசு அதுவாகவே இருக்கக்கூடும். ஆப்பிரிக்க விலங்கு நாணயங்களைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை உங்கள் மகனுக்கு உண்மையாகவே இருந்தால், நான் காட்டும் முதல் வழி இதுதான். ஆப்பிரிக்கர்கள் தங்கள் கையால் புழங்கிய காசுகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. ஜாம்பியாவின் 1968-ஆம் ஆண்டு வரிசையில் 1 இங்வேயில் எறும்புண்ணும் ஆர்ட்வார்க்கும், 10 இங்வேயில் இருவாட்சியும், 20 இங்வேயில் ஒரிபி மானும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1 ராண்டில் ஸ்பிரிங்பொக் மானும், 2023-இல் புதிய வரிசை வருவதற்கு முந்தைய 2 ராண்டில் கூடு என்னும் மானும் இருக்கின்றன. கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் பணத்தில் தனிமனிதர் உருவம் இருக்கக் கூடாது என்று விதித்தது. அதன்படி 2018 டிசம்பரில் வெளியான புதிய நாணயங்களில், அதிபர்கள் இருந்த இடத்தில் ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், சிங்கம், யானை என்று நால்வர் வந்து அமர்ந்தார்கள். நான்கையும் சேர்த்து வாங்க, மகன் முலாம் நாணயத்துக்குக் கொடுத்ததில் சிறு பங்கே போதும்.

சோமாலிய யானைக்கு வருவோம். சோமாலிய நாணயம் ஜெர்மனியிலிருந்து எப்படி வந்தது என்ற ஐயம் உங்களுக்கும் தோன்றியிருக்கும். உறவினர் அங்கே இருப்பது மட்டும் காரணம் அல்ல. அந்த நாணயங்கள் அச்சாவதே மூனிக் நகரில், பவேரிய அரசு நாணயச்சாலையில்தான். தன் வரலாற்றை 1158-ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் பழைய நிறுவனம் அது. முதலில் ஜாம்பியாவின் பெயரில் வந்துகொண்டிருந்த யானை வரிசை, 2004-ஆம் ஆண்டிலிருந்து சோமாலியாவின் பெயருக்கு மாறியது. ஒரு பக்கம் இரண்டு சிறுத்தைகள் தாங்கும் சோமாலிய அரசு முத்திரை. மறுபக்கம் ஆண்டுதோறும் மாறும் யானை ஓவியம். அண்மை ஆண்டுகளின் ஓர் அவுன்ஸ் நாணயத்தில் முகமதிப்பு, அதாவது நாணயத்தின் மேல் பொறித்த பண மதிப்பு, 100 ஷிலிங். இங்கே அவுன்ஸ் என்பது சமையலறை அவுன்ஸ் அல்ல, 31.1 கிராம் எடையுள்ள ட்ராய் அவுன்ஸ். தூய்மை 999, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி; அண்மை ஆண்டுகளில் 999.9. வேலைப்பாடு நன்றாக இருக்கும், அச்சு நம்பகமானது. ஆண்டுக்கு ஆண்டு படம் மாறுவதால் தொடக்க ஆண்டுகளுடையவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் உள்ள ஆறில் 2004, 2005 போன்ற ஆண்டுகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றுக்கு வெள்ளி விலையும் அதற்கு மேல் சிறிதும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றின் பரப்பில் பால் சிந்தியது போல வெண்புள்ளிகள் தெரிந்தால் பதற வேண்டாம். புது வெள்ளி நாணயங்களுக்கு வரும் பொதுவான குறை அது. விலை கொஞ்சம் குறையும், தேய்த்தால் மேலும் குறையும்.

சட்டப்படி செல்லும் என்ற சொல்லைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. விற்பவர் அதை ஒரு பட்டயம் போலக் காட்டுகிறார். அந்தச் சொல் உங்களுக்கு உறுதியளிப்பது முகமதிப்பை மட்டுமே. சோமாலியாவில் இன்று அன்றாட வணிகம் பெரும்பாலும் அமெரிக்க டாலரிலும் கைப்பேசிப் பணத்திலும் நடக்கிறது. 100 ஷிலிங் என்பது ஒரு குவளைத் தேநீருக்கும் காணாது. மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுப் பெயரில் 1,000 பிராங்க் மதிப்பிட்டு ஓர் அவுன்ஸ் வெள்ளி நாணயம் வந்தது. அந்த நாட்டுப் பிராங்க் 655.957-க்கு ஒரு யூரோ என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், 1,000 பிராங்க் ஒன்றரை யூரோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்த நாணயத்தில் இருக்கும் விலங்கு ஸ்பிரிங்பொக் மான். அது தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா போன்ற வறண்ட தெற்கு நிலங்களில் வாழ்வது. அடர்ந்த மழைக்காடுகள் நிறைந்த காபோனில் அதைக் காண முடியாது. இதற்கு நேர்மாறாக, 1967-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கக் குரூகர்ராண்ட் தங்க நாணயத்தில் முகமதிப்பே பொறிக்கப்படவில்லை. ஆனாலும் அது சட்டப்படி செல்லும். தன்னுள் உள்ள ஓர் அவுன்ஸ் தூய தங்கத்தால் உலகெங்கும் விலை போகிறது. நாட்டின் பெயரும், முகமதிப்பும், சட்டப்படி செல்லும் என்ற வாக்கியமும் சேர்ந்துகூட ஒரு நாணயத்துக்கு விலையைத் தந்துவிடுவதில்லை என்பதை இந்த மூன்றுமே காட்டுகின்றன. யார் அச்சடித்தார்கள், எந்த உலோகம், எத்தனை கிராம், உண்மையில் எத்தனை நாணயங்கள் அச்சாயின, அவற்றை மறுபடி வாங்க ஆள் இருக்கிறார்களா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன.

உங்கள் மகனின் சிங்கத்தை இந்தக் கேள்விகளின் முன் நிறுத்திப் பார்ப்போம். முலாம் என்பது அடியில் உள்ள செம்பு–நிக்கல் கலவைக்கு மேல் படிய வைத்த தங்கப் பூச்சு. ஏறத்தாழ 38.6 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நாணயத்தின் மேற்பரப்பு, இருபக்கமும் விளிம்பும் சேர்த்து, சுமார் 27 சதுர சென்டிமீட்டர். பூச்சின் கனம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மொத்தத் தங்கம் 5 மில்லிகிராம் அளவில் நிற்கும். அதாவது ஒரு கிராமின் இருநூறில் ஒரு பங்கு. பூச்சு அதைவிடப் பத்து மடங்கு கனமாக இருந்தாலும் கால் கிராம் கூட அல்ல, கிராமின் இருபதில் ஒரு பங்குதான். இன்றைய தங்க விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். 4,500 ரூபாய்க்கும் கிடைக்கும் விடைக்கும் இடையில் உள்ள தூரம்தான் விளம்பரச் செலவும் லாபமும். 24 காரட் என்பது பூச்சின் தூய்மையைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். இந்தத் துறையில் நுழைகிற பலரும் முதலில் இப்படி ஒன்றை வாங்கித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அதை மறுவிற்பனைக்குரிய சொத்தாக நினைக்காமல் மேசை அலங்காரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே விற்பனையாளரின் ஐந்து விலங்கு வரிசையை மாதத் தவணையில் வாங்க வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற ஐந்தும், கால்நடையாகச் சென்று வேட்டையாட மிகவும் ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் வகுத்த பட்டியல். அந்தப் பெயரில் யாருக்கும் தனியுரிமை இல்லை, ஆகவே எந்த நிறுவனமும் அதைத் தன் பெட்டியின் மேல் அச்சிட்டுக்கொள்ளலாம். உண்மையான ஒரு வரிசையும் உண்டு. தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான தென்னாப்பிரிக்க நாணயச்சாலை 2019-இல் யானையோடு தொடங்கி வெளியிட்டது அது. ஓர் அவுன்ஸ் 999 வெள்ளி, முகமதிப்பு 5 ராண்ட். அதில் ஓர் அழகிய யுக்தி இருக்கிறது: ஒரே நாணயத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலங்கின் முழு முகமும் கூடிவரும். உங்கள் மகனுக்குச் சொல்லப்பட்டது இதுவா, அல்லது பெயர் மட்டும் ஒத்த முலாம் வரிசையா என்பதை எழுத்தில் கேளுங்கள். எடை, தூய்மை, நாணயச்சாலையின் பெயர் ஆகிய மூன்றையும் நேராகச் சொல்லாமல் சான்றிதழ், வெல்வெட் பெட்டி, வரிசை எண் என்று பேச்சை நகர்த்துகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை என்ற சொல்லையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரே சிங்கத்தை முலாமில், வண்ணத்தில், வெள்ளியில், சிறிய அளவில் என்று தனித்தனியே வரையறுத்து வெளியிட்டால், ஒவ்வொன்றும் குறைந்த எண்ணிக்கைதான். சிங்கங்கள் மட்டும் குறையாது.

தரச்சான்று நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித்தரும் நாணயங்களும் உங்களிடம் விற்க வரலாம். பழைய, அரிய நாணயத்துக்கு அந்தச் சான்று பெரிய பாதுகாப்பு. நேற்று அச்சாகி இன்று உறைக்குள் போன நாணயத்துக்கு 70 கிடைப்பது அவ்வளவு அரிதல்ல; அதற்காக இரட்டிப்பு விலை கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. ஆறு யானைகளையும் நீங்களே பார்த்துவிடலாம். வலுவான காந்தம் வெள்ளியை இழுக்காது. இழுத்தால் போலி என்பது உறுதி, இழுக்காவிட்டால் மட்டும் அசல் என்று முடிவுகட்ட முடியாது. அடுத்ததாக, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கங்களையோ தொடாமல் தண்ணீரில் முழுவதும் தொங்கவிடுங்கள். 31.1 கிராம் தூய வெள்ளி நாணயம் என்றால் தராசு ஏறத்தாழ 2.96 கிராம் காட்டும். அதே எடையுள்ள செம்பு–நிக்கல் போலி என்றால் 3.5 கிராமை ஒட்டி நிற்கும். நூல் இறுகி உராயாமல் தளர்வாகக் கட்டுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்தபின் மென்துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். ப்ரூஃப் அச்சு என்று தெரிந்தால் அந்த நாணயத்துக்கு இந்தச் சோதனையே வேண்டாம். எடையும் காந்தமும் போதும்.

வைத்திருக்கும் முறையும் கடினமானதல்ல. விளிம்பைப் பிடித்து மட்டும் எடுங்கள், விரல் ரேகை படிந்தால் நாளடைவில் அந்த இடம் நிறம் மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் அதன் விட்டத்துக்கு ஏற்ற கெட்டியான அக்ரிலிக் உறை வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். இரப்பர் பட்டை, செய்தித்தாள், மரப்பெட்டியின் பசை ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் கந்தகமும் அமிலமும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பெரியப்பாவின் பெட்டியில் நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

விற்க நினைத்தால், யானைகளை வெள்ளி விலை நன்றாக இருக்கும் நாளில் நாணய வணிகரிடம் கொடுக்கலாம். தான்சானிய இரட்டையரை மட்டும் உருக்கும் வெள்ளியின் விலைக்கு விடாதீர்கள். இரண்டையும் பிரிக்காமல், இயற்கைப் பாதுகாப்பு வரிசை என்று குறிப்பிட்டு, நாணய ஏலத்தில் வைப்பதே முறை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வெள்ளி, தங்க நாணயங்களை அஞ்சலில் வரவழைக்கும் எண்ணம் மகனுக்கு இருந்தால், சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதைச் சொல்லுங்கள். விகிதமும் இறக்குமதி விதிகளும் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் முன் ஒரு சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தராசில் கிடைத்த நான்கு இலக்க எடையையும், இரண்டு பக்கப் படங்களையும், விளிம்பைக் காட்டும் ஒரு படத்தையும் எனக்கு அனுப்பினால், உங்கள் ஒட்டகச்சிவிங்கி ப்ரூஃபா சாதாரண அச்சா என்று எழுதுகிறேன். படம் எடுக்கும்போது ஒளி நன்றாக விழட்டும் என்று நாணயத்தை மட்டும் துடைத்துவிடாதீர்கள். கறுத்தபடியே இருக்கட்டும், எனக்குத் தெரியும்.